தையல்கடை மாடியில் மனசு பார்த்த கதை

ஆட்கள் வந்து கஷ்டத்தைக் கொட்டுவதுதான் எங்கள் தொழிலில் பாரம் என்று நினைப்பீர்கள். ஆள் வராமல் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் முதல் பாரம். புதிதாக ஏதாவது தொழில் தொடங்கிவிட்டு, ரோட்டில் போகிற ஒவ்வொரு தலையும் நம் பக்கம் திரும்பாதா என்று ஏங்கியவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் மனோதத்துவம் படித்து, கவுன்சலிங்கில் ஒரு டிப்ளமாவும் வாங்கிக்கொண்டு, கேரள எல்லைக்குள் இருக்கும் சொந்த ஊரான குளத்தூருக்குத் திரும்பி வந்தேன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் மனசு சரியில்லாதவர்களுக்கு அப்போது இரண்டு வழிதான் தெரியும். ஒன்று, கைவைத்து ஜெபிக்கிறவர் அல்லது மந்திரிக்கிறவர். இரண்டு, திருவனந்தபுரத்துப் பெரிய மனநோய் ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தின் பெயரைச் சொன்னாலே எங்கள் பக்கத்தில் அது வசவு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருத்தி உட்கார்ந்து பொறுமையாகக் காது கொடுத்தால் நாலு பேருக்கு உபகாரமாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். எங்கே உட்கார வேண்டும் என்பதில்தான் எனக்குப் புத்தி போதவில்லை.

இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அவரவரிடம் கேட்டும் விட்டேன். ஆகையால் உங்களுக்குத் தெரிந்த யாராவது இதில் இருக்கிறார்களா என்று தேட வேண்டாம்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு போர்டு

உதியன்குளங்கரை ஜங்ஷனில் தங்கய்யன் என்பவரின் தையல்கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, சுவர்க் கடிகாரம், கறக் கறக் என்று சுற்றும் ஒரு மின்விசிறி. மாடிப்படி ரோட்டைப் பார்த்து இருந்தது, பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று சந்தோஷப்பட்டு, 'மனநல ஆலோசனை' என்று மலையாளத்திலும் தமிழிலும் ஆள் உயரத்துக்கு எழுதி மாட்டினேன். களியக்காவிளைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்குகிறவர் கண் விழித்தாலும் என் போர்டுதான் முதலில் தெரியும்.

மூன்று வாரத்தில் மாடி ஏறியவர்கள் நான்கு பேர். டைப்ரைட்டிங் வகுப்பு எப்போது ஆரம்பம் என்று ஒருவர் கேட்டார். வளைகுடா வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார் இன்னொருவர். சும்மா இருந்த கைதானே, எழுதிக் கொடுத்தேன். மூன்றாமவர் மழைக்கு ஒதுங்கியவர், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காவதாக நடுவயதுப் பெண் ஒருத்தி பாதிப் படிவரை வந்தாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து யாரோ, "எங்கயாக்கும் கேறுதிய?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல, சும்மா" என்று சொல்லி அப்படியே திரும்பி இறங்கிப் போய்விட்டாள். அழுது வீங்கிய முகம் அது. கூப்பிடலாமா என்று வாய்வரை வந்தது. கூப்பிட்டால் ஜங்ஷன் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். கூப்பிடாமல் உள்ளே போனேன்.

கீழே போய்த் தங்கய்யனிடம் புலம்பினேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வாயில் எப்போதும் இரண்டு மூன்று குண்டூசி இருக்கும், அதோடுதான் பேசுவார். படித்த பெண் யாரானாலும் எங்கள் பக்கத்தில் டீச்சர்தான். புலம்பலை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பஸ்டாப்புக்கு நேரே படி இருந்தா எவன் கேறுவான் டீச்சரே? கள்ளுசாப்புக்கே பின்வாசல் உண்டு."

எட்டு பிளவுஸ்

தங்கய்யன் கடைக்குள்ளேயே ஒரு பின்படி இருந்தது. மிஷின்களைத் தாண்டி, அளவெடுக்கிற திரைக்குப் பக்கத்தில் ஏறினால் நேராக என் அறை. பெரிய போர்டை இறக்கிவிட்டு, ஒரு சாண் அகலத்தில் சின்னதாக எழுதி அந்தப் பின்படியில் மாட்டினேன். அடுத்த வாரமே ஆள் வரத் தொடங்கிவிட்டது.

வந்தவர்கள் எல்லோர் கையிலும் ஒரு துணி. பெண்கள் என்றால் பிளவுஸ் துண்டு, ஆண்கள் என்றால் நீளம் கூடிப்போன ஒரு பேண்ட். வழியில் யார் கேட்டாலும் தையல்கடைக்கு என்று சொல்ல வேண்டுமல்லவா. தங்கய்யன் முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் அளவெடுப்பார், சீட்டு எழுதுவார், தலையை லேசாகச் சாய்த்துப் பின்படியைக் காட்டுவார். ஆறு மாதத்தில் அவர் புதிதாக ஒரு மிஷின் வாங்கிப் போட்டார். என் அறையில் அதே இரண்டு நாற்காலிதான்.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பள்ளிக்கூடக் கிளார்க்காக இருந்த ஒரு பெண், வாரம் ஒரு பிளவுஸ் துண்டோடு வந்துகொண்டிருந்தார். ஆபீஸ் பீரோவைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போவார், பூட்டினோமா என்று சந்தேகம் வரும், திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பார், மறுபடி வருவார், மறுபடி போவார். வீட்டுக்குப் போய்ச் சேர இருட்டிவிடும். வீட்டில் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார்கள். அவரும் நானும் எட்டு வாரம் மல்லுக்கட்டினோம். எட்டாவது வாரம், தைத்த பிளவுஸை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இப்பம் பீரோவ ஒருக்கத்தான் இழுத்துப் பாக்கேன் டீச்சரே. நல்ல நேரத்திலயாக்கும் கொறஞ்சுது, எனக்க வீட்டில இனி தைக்கதுக்குத் துணி இல்ல."

பின் பெஞ்சில் பாடுகிறவள்

கொஞ்ச நாளில் ஒன்று எனக்கு உறைத்தது. வருகிறவர்கள் எல்லோரும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்காரர்கள். குழித்துறை, மார்த்தாண்டம், அதற்கும் அப்பால். குளத்தூரிலிருந்து ஒரு குஞ்சு குருமான் கூட எட்டிப் பார்க்கவில்லை. என் ஊரில் எல்லோருக்கும் மனசு அவ்வளவு சுகமாகவா இருக்கிறது? சொந்த ஊர் என்னை மதிக்கவில்லை என்று எனக்கு நல்ல கோபம்.

மார்த்தாண்டத்தில் இதே தொழில் செய்யும் ஒரு சிநேகிதி உண்டு. அவளைப் பார்க்க ஒரு நாள் போனேன். அவள் அறைக்கு வெளியே பெஞ்சில், முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு நேசபாய் அக்கா உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்து வீடு, எங்கள் சபை. காலையில் வேலியோரம் நின்று, உறவுக்காரர் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டோம், இனி ஒளியவும் முடியாது.

நான் பார்க்காதது போல நகர்ந்திருக்க வேண்டும், தொழில் மரியாதை அதுதான். ரோஷம் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ளூரில் நான் இருக்கும்போது எதற்கக்கா இரண்டு பஸ் மாறி இங்கே?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்து அமைதியாகச் சொன்னார்: "நீ நல்லா பாப்பியாயிருக்கும் பிள்ளே, அதில எனக்கு ஒரு கொறவும் இல்ல. ஆனா ஞாயிறாச்ச எனக்குப் பின் பெஞ்சில இருந்தாக்கும் நீ பாட்டுப் பாடுத. எல்லாத்தையும் ஒனக்கிட்ட செல்லிட்டு, பொறவு நான் எப்படிக் கண்ணடச்சு ஜெபிக்கது?"

பதிலுக்கு வந்தவள்

பிலோமினா கையில் துணி இல்லை. பின்படியில் வரவும் இல்லை. மீன் விற்று முடித்த காலி சருவத்தை முன்படியின் கீழே கவிழ்த்து வைத்துவிட்டு, பஸ் ஸ்டாப் முழுக்கப் பார்க்க, நடுப்பகலில் மாடி ஏறி வந்தாள். கடலோரத்துப் பொழியூர்க்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். பின்பக்கமாகவும் ஒரு வழி இருக்கிறது என்று சொன்னேன். "மீன்காரி எந்த வீட்டுப் படி கேறினாலும் மீன் விக்கத்தான் கேறுதாள்னு நெனப்பாவ" என்றாள். அதுவும் சரிதான்.

உட்கார்ந்ததும் சொல்ல ஆரம்பித்தாள். தூக்கம் இல்லை. கஞ்சி இறங்குவதில்லை. கடலுக்குப் போகவில்லை. யாரோடும் பேச்சில்லை, சுவரைப் பார்த்தே இருப்பு, மூன்று மாதமாகிறது. 'கடலுக்குப் போகவில்லை' என்றபோதே எனக்குத் தட்டியிருக்க வேண்டும். நான் மும்முரமாக ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டு, "எப்போதிலிருந்து உங்களுக்கு இப்படி?" என்று கேட்டேன். "எனக்கில்ல டீச்சரே, எனக்க கெட்டினவருக்காக்கும்" என்றாள்.

புருஷன் பெயர் சில்வெஸ்டர். பிலோமினாவின் தம்பி செபாஸ்டினும் அவருமாக வள்ளத்தில் போயிருக்கிறார்கள். திரும்பி வரும்போது கரைக்குப் பக்கத்தில் அலையில் வள்ளம் கவிழ்ந்துவிட்டது. சில்வெஸ்டர் நீந்திக் கரையேறினார். செபாஸ்டினை மறுநாள்தான் எடுத்தார்கள், இருபத்திரண்டு வயது. அடக்கம் முடிந்த அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர்தான்.

அவரை நேரில் பார்க்காமல் நான் ஒன்றும் செய்ய முடியாது என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "காச்சல் வந்தா நான்தானே கம்பவுண்டருகிட்ட போய்ச் செல்லி மருந்து வாங்குதேன், அவரு ஆளையா கேக்காரு?" என்றாள். கடலோரத்தில் அப்படித்தான். எலும்பு முறிந்தால் தவிர ஆண்கள் ஆஸ்பத்திரிப் படி ஏறுவதில்லை. வீட்டுப் பெண்கள் போய், இந்த இடத்தில் வலி, இத்தனை நாளாக வலி என்று சொல்லி மருந்து வாங்கி வருவார்கள். நான் மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை என்று சொல்லியும் அவள் எழுந்திருக்கவில்லை.

வராத ஆளுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று பெங்களூரில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் மூன்று மாதம் வாய் திறக்காத ஒருவரை நினைத்தபோது எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. ஒரே ஒரு கேள்வியைச் சொல்லி அனுப்பினேன். செத்துப்போகலாம் என்று நினைப்பு வருகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். ஆம் என்றால் அவரைத் தனியாக விடக் கூடாது, உடனே எனக்கு ஆள் அனுப்ப வேண்டும், டாக்டரைக் கூட்டிக்கொண்டு நான் வருவேன். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். "கேட்டா இல்லாத நெனப்பு வந்துராதா?" என்றாள். வராது, கேட்காமல் விட்டால்தான் அவர் அதோடு தனியாக இருப்பார் என்றேன். நெய்யாற்றின்கரையில் தெரிந்த டாக்டர் ஒருவரிடமும் சொல்லி வைத்தேன். அந்த வாரம் தங்கய்யன் கடையில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் பின்படி வரை ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தாள். கேட்டீர்களா என்றேன். "கேட்டேன். சாவ நெனக்கல்லன்னு செல்லினாவ. ஆனா இருக்கதுக்கும் தோணல்லன்னு செல்லினாவ" என்றாள். அவள் முகத்தில் இருந்தது பயமா நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவளே சொன்னாள்: "மூணு மாசம் கழிஞ்சு அவிய வாயில இருந்து வந்த மொத பேச்சாக்கும் டீச்சரே."

பள்ளியிலிருந்து வாங்கிய நாற்காலி

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் பிலோமினா வந்தாள். வாரம் ஒரு கேள்வி கொண்டுபோவாள், பதில் கொண்டுவருவாள். 'சாப்பாடு ருசிக்கிறதா', 'பகலில் எந்த நேரம் ரொம்பப் பாடாக இருக்கிறது' என்பது போலச் சின்னச் சின்னக் கேள்விகள்தான். விபத்து நடந்த நாளைப் பற்றி இப்போதைக்கு எதுவும் கேட்க வேண்டாம் என்று நான் சொன்னபோது மட்டும் தலையை வேகமாக ஆட்டினாள். கஞ்சி பரிமாறும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம்தான் விஷயம் தெரிந்தது. அவர்கள் வீட்டில் ஒரே ஒரு நாற்காலி. எங்கள் பக்கத்தில் தேவாலயத்துக்குப் பள்ளி என்று பெயர்; அதன் பணியாள் கோயில்பிள்ளையிடம் சொல்லி அங்கிருந்து இன்னொன்று வாங்கி வந்திருக்கிறாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என் அறையில் இருப்பது போலவே இரண்டையும் எதிரெதிரே போட்டு, பெட்டிமேல் அலாரம் கடிகாரத்தை வைத்து, அவரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள். கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பாளாம். பதில் வராவிட்டால் ஒரு மணி நேரமும் பேசாமல் இருப்பாளாம், நான் அப்படித்தான் இருப்பேன் என்பதால். எழுதத் தெரியாத கையில் ஒரு பேனாவும் பிடித்துக்கொள்வாளாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. யாரோ நம்மை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார்கள் என்றால் கால்மேல் கால் போட்டுக்கூட உட்காரத் தோன்றாது. அவர் என்ன செய்தார் என்று கேட்டேன். முதல் இரண்டு வாரம், இவள் சொன்னதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது வாரம் சிரித்துவிட்டாராம். அப்படி என்ன கேட்டீர்கள் என்றேன். பிலோமினா தயங்கவே இல்லை: "கேட்டதுக்கில்ல டீச்சரே. எடையில நீங்க கைய வச்சு மறச்சு ஒரு கொட்டாவி விடுவியல்லா, அதையும் அதுபோல விட்டேன், அதுக்காக்கும் சிரிச்சாவ."

கொக்கி வைக்கிற ஆள்

ஒரு செவ்வாய்க்கிழமை பிலோமினாவோடு சில்வெஸ்டரும் வந்தார். வந்தவர் மாடி ஏறவில்லை. தங்கய்யன் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவள் வழக்கம்போல மேலே வந்து உட்கார்ந்தாள். அவள் சுத்தமாகப் பேச்சை மறந்து கீழே காதை வைத்துக்கொண்டிருந்தாள், நானும் அப்படித்தான். அடுத்த வாரமும் இதே கதை.

மூன்றாவது வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. தண்ணீர் எடுக்கிற சாக்கில் கீழே இறங்கினேன். என்னைப் பார்த்ததும் சில்வெஸ்டர் சட்டென்று எழுந்து, மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டுத் தரையைப் பார்த்து நின்றார். நல்ல உயரமான மனிதர், தோள் மட்டும் உள்ளே ஒடுங்கியிருந்தது. போலீஸ்காரி ஒருத்தி வந்து நிற்பது போல என்னை நானே உணர்ந்தேன். தண்ணீர் கூட எடுக்காமல் மேலே போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் இருக்கும்போது நான் இறங்கவில்லை.

தங்கய்யனின் பிரச்சினை வேறு. துணி கொண்டுவராத ஒருவர் வாரா வாரம் பெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தால் அவரும் என்னதான் செய்வார்? ஒரு நாள் ஊசி நூலைக் கையில் கொடுத்து, இந்த பிளவுஸுகளுக்குக் கொக்கி வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். வலை முடைந்த கை அல்லவா, ஒவ்வொரு கொக்கியும் இழுத்தாலும் வராதபடி இருந்ததாம். நூலைப் பற்றி, வலையைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றிரண்டு வார்த்தை பேசவும் தொடங்கியிருந்தார்கள். நான் அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது தங்கய்யன் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார், அவர் அப்படி எடுப்பது அபூர்வம்: "அவருக்கு உடனே சொகமாக்கிராதீங்க டீச்சரே. கொக்கிக்கு இதுபோல ஒரு கை இனி எனக்குக் கிட்டாது."

அந்த ஒரு கேள்வி

சில்வெஸ்டர் மறுபடி கடலுக்குப் போனாரா என்று கேட்பீர்கள். போனார், அடுத்த வருஷம், வேறு வள்ளத்தில். நான் சொன்னதால் வீட்டுக்கே போய்ப் பார்த்த நெய்யாற்றின்கரை டாக்டர் தந்த மாத்திரையால் தூக்கம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அவர் கடைசியில் மாடி ஏறி வந்த அந்த ஒரு செவ்வாய்.

மூன்றாவது நாற்காலி இல்லாததால் தங்கய்யனின் முக்காலியை எடுத்து வந்து நான் உட்கார்ந்தேன். அவர்கள் இருவரும் என் நாற்காலிகளில். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவராகச் சொல்ல ஆரம்பித்தார். "அன்னைக்கு வள்ளத்துக்கு ஒராளு கொறவு. செபாஸ்டின் வரல்லன்னு மூடிப் பொதச்சு கெடந்தான். இவளாக்கும் எழுப்பி விட்டது."

பத்து வாரத்துக்கு மேலாக என்னிடம் வந்தவள், இதை மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. திரும்பிப் பார்த்தேன்.

"இவ மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல டீச்சரே" என்றார் அவர். "ஆனா அந்த நாளப் பத்தி நான் வாய் தொறந்தா பேச்சு அங்கதான் போய் முட்டும். நான் எழுப்பாம இருந்தா தம்பி இருந்திருப்பானேன்னு இவ செல்லுவா. அது இவ வாயில இருந்து வரப்பிடாது. அதுக்காக்கும் வாய மூடி மிண்டாம இருந்தேன். பொறவு மிண்டதுக்கே மறந்துபோச்சு."

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை நோய் என்று நான் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். நோயும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மனைவியைக் காப்பாற்ற ஒரு மனிதர் மூன்று மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார் என்பது என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவர்மேல் அப்படியொரு மரியாதை வந்தது.

பிலோமினா மெதுவாகப் பேசினாள். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிய? நான் டீச்சருகிட்ட எத்தன கேள்வி வாங்கிட்டு வந்தேன், அந்த நாளப் பத்தி ஒண்ணு கேட்டேனா? கேட்டா நீங்க அதச் செல்லிருவியளோன்னு பயம்." என் பக்கம் திரும்பினாள். "வரல்லக்கான்னுதான் செல்லினான். கட்டன்காப்பி போட்டுக் குடுத்து நானாக்கும் எழுப்பினேன்." அவ்வளவுதான். அடக்கத்தன்றுகூட அழாதவள், புருஷன் இப்படி ஆகிவிட்டாரே என்று மறுவாரமே சருவத்தைத் தூக்கியவள், "எனக்க தம்பியே" என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். கடலோரத்துப் பெண்கள் அழுவது அறைக்குள் அடங்குகிற அழுகை இல்லை.

சில்வெஸ்டர் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். கீழே பொழியூர் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அதை விட்டால் ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். பஸ் வந்துவிட்டது என்றேன். அவர் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்: "அது போவட்டு டீச்சரே. இவ அழுது தீரட்டு, நாங்க அடுத்ததுக்குப் போறோம்."

பெங்களூர் வரை போய்ப் படித்து, சட்டம் போட்ட சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் அந்த ஒரு மணி நேரத்தில் செய்த ஒரே வைத்தியம், மெல்ல எழுந்து போய் ரோட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியதுதான்.